இரண்டு கையெழுத்து

பட்டன் அக்கா எங்கள் சலவைக் கூடத்துக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் கூடம். மேல் மாடிகளிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகள் இறங்கும். பிரித்து, துவைத்து, உலர்த்தி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்து, மடித்து மேலே அனுப்புவோம். மூட்டைக்குள் என்னென்னவோ வரும். மூக்குக்கண்ணாடி வரும், சீப்பு வரும், ஒருமுறை ஒரு முழு பல்செட்டே சிரித்துக்கொண்டு வந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை மேலிருந்து இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து உதற வேண்டும், நெருங்கி வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும், மறுபடி விலகிப் போக வேண்டும். நானும் அவளும் அப்படி ஜோடி சேர்ந்தவர்கள். நெருங்கும்போது ஒரு வாக்கியம், விலகும்போது பாதி வாக்கியம் என்று அவள் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. பிற்பாடு நடந்ததில் சிலவற்றை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் இருந்தவள். பட்டன் தைக்கிற பிரிவு. டாக்டர்களுடைய வெள்ளைக் கோட்டில் ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தால் அவளால் சும்மா விட முடியாது, ஊசியை எடுத்துவிடுவாள். அதனால் வந்த பெயர்தான் அது. வீட்டில் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்க்கலாம்.

தொழிற்சாலையை இழுத்து மூடியபோது எல்லோருக்கும் கணக்கு முடித்துக் கையில் ஒரு தொகை கொடுத்தார்கள். அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். கல்யாணம் கூடி வந்து கலைந்து, கூடி வந்து கலைந்து, பிறகு அந்தப் பேச்சை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்களாம். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் மடக்கு நாற்காலிகள், போர்வை மூட்டை, ஓடாத தையல் மெஷின், அண்ணன் மகள், அவள். அண்ணன் மகளுக்குப் பதினெட்டு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். அத்தையும் பாப்பாவும் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கொள்வார்கள்.

அண்ணன் ஒரு இரும்புச் சாமான் கடையில் கல்லாவில் உட்காருகிறவர். கெட்டவர் இல்லை. இதை அக்காவே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். "கெட்டவரா இருந்திருந்தா எவ்வளவோ சுலபமாப் போயிருக்கும்டி. சண்டை போட்டுட்டு வெளியே வந்திருப்பேன்." எப்போதோ ஒருமுறை, அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஆளை நம்பிச் சேமிப்பையெல்லாம் கொட்டினார், அந்த ஆள் குடும்பத்தோடு காணாமல் போய்விட்டான். அன்றிலிருந்து அண்ணனுக்குப் பணம் என்றாலே பயம். தங்கச்சி கையில் பணம் என்றால் இரட்டிப்புப் பயம்.

தொகை வந்ததும் அவர்தான் அவளை வங்கிக்குக் கூட்டிப் போனார். வைப்புகளைக் கவனிக்கிற மேஜையில் ஒரு அம்மாள். தலைக்கு நேர்மேலே ஏசி இருந்ததால் வருஷம் முழுக்கத் தோளில் சால்வை. நாங்கள் பின்னால் வைத்த பெயர் சால்வை மேடம்.

"பணம் எப்போ தேவைப்படும்? எதுக்குன்னு சொன்னீங்கன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி போடலாம்" என்று அந்த அம்மாள் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பதில் சொன்னார். "இப்போதைக்கு ஒரு தேவையும் இல்ல மேடம். அவளுக்கு எல்லாத்துக்கும் நாங்க இருக்கோம்."

"இருந்தாலும் சார், மொத்தத்தையும் ஒரே சீட்டா போட வேண்டாம். மூணா பிரிச்சுக்கலாம். திடீர்னு உடம்புக்கு ஏதாவதுன்னா எடுக்கற மாதிரி கொஞ்சம் சேமிப்புக் கணக்குல இருக்கட்டும். ஒண்ணு ரெண்டு வருஷத்துல செலவு வரும்னா அதுக்கு ஒரு சின்ன எஃப்.டி. வயசான காலத்துக்கு அரசாங்கப் பத்திரம். மூணுமே பயமில்லாததுதான். வட்டிதான் கொஞ்சம் முன்னே பின்னே."

"பிரிச்சா கரைஞ்சிடும் மேடம். ஒண்ணாவே கெடக்கட்டும். எதுல வட்டி ஜாஸ்தி?"

"அஞ்சு வருஷ எஃப்.டி.லதான்."

"அதுலயே போட்டுடுங்க. ரெண்டு பேர் பேர்லயும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியணும்." பிறகு தங்கச்சி பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "யாரும் உன்னை ஏமாத்திடக் கூடாதும்மா. நீ வெகுளி" என்றார்.

அவள் போடச் சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள். பணம் பத்திரமாகிவிட்டது என்று எல்லோர் முகத்திலும் நிம்மதி. "எனக்கு மட்டும், சட்டைக் கழுத்தை ஒரு சைஸ் சின்னதாத் தச்சுட்ட மாதிரி இருந்துச்சு" என்று அக்கா சொன்னாள். "பட்டனையும் போட்டாச்சு. கழட்டவும் முடியல."

எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் சம்பளம் போடுவதற்காக ஒரு கணக்கு தொடங்கச் சொன்னார்கள். அதே வங்கிதான். சாப்பாட்டு இடைவேளையில் அவள் போனாள். துணைக்கு நானும் போனேன். சால்வை மேடம் அவளை அடையாளம் கண்டுகொண்டு, அவள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்போ நீங்க சொல்லுங்க. எதுக்குச் சேர்க்கணும்?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருப்பார் என்பது போல. "ஒரு ரூமுக்கு" என்றாள்.

"வாங்கறதுக்கா?"

"ஐயோ இல்ல மேடம். வாடகைக்கு. எனக்கு மட்டும்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கும் அன்றுதான் முதல் தடவை. காது மடல் சிவந்துவிட்டது அவளுக்கு. ஏதோ திருட்டை ஒப்புக்கொண்டவள் மாதிரி மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சால்வை மேடம் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ரூமுக்கு முன்பணம் வேண்டும், அது ஒன்றரை வருஷத்தில் கைக்கு வர வேண்டும், ஆகவே மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. அதைத் தொடாமல் இருக்க, அவசரத்துக்கென்று கொஞ்சம் சாதாரணக் கணக்கிலேயே கிடக்க வேண்டும். வேலை நின்ற பிறகு சாப்பிட, அறுபது வயதில்தான் கையில் வருகிற அரசாங்கச் சேமிப்பில் சிறுகச் சிறுக.

"இதுல எது ரொம்பப் பத்திரம் மேடம்?"

"எல்லாமே பத்திரம்தான்மா. எப்போ வேணும்ங்கறதுதான் விஷயம். சீக்கிரம் தேவைப்படறதைக் கொண்டுபோய் வருஷக்கணக்கா பூட்டி வெச்சா, அவசரத்துக்கு உடைச்சு வட்டியை விடணும். ரொம்ப நாள் கழிச்சு தேவைப்படறதை அப்படியே கணக்குல போட்டு வெச்சா, விலைவாசி சத்தமில்லாம தின்னுடும்."

எழுந்திருக்கும்போது அக்கா தயங்கி நின்றாள். "அந்த எஃப்.டி.ல இருக்கறது என் பணம்தானே மேடம்?"

"உங்க பணம்தான். ஆனா சாரும் கையெழுத்துப் போடணும்."

ஆறேழு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு நல்ல அறை காலியானது. மேலே தகரம் இல்லை, தளம். ஒரு பெரிய ஜன்னல். முன்பணத்தை அந்த வாரமே கொடுத்தால் அவளுக்குத்தான் என்றார்கள். ஆர்.டி.யில் அதில் பாதிகூடச் சேர்ந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது போய் நின்றாளாம்.

"அண்ணா, ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு ரூம் வருது."

"யாருக்கு?"

"எனக்கு."

அண்ணன் பேப்பரை மடித்துவைத்தார். "இங்க உனக்கு என்ன குறை?"

"குறைன்னு இல்லண்ணா."

"உங்க அண்ணி ஏதாவது சொன்னாளா?"

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு ஆசையா இருக்கு, அவ்வளவுதான். அந்த எஃப்.டி.ய எடுத்தா முன்பணத்துக்கு..."

"ஆசையா?" அந்த வீட்டில் ஆசை பாப்பாவுக்கு மட்டும் உரியது. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் தங்கச்சி தனி ரூம்ல இருந்தா பாக்கறவன் என்ன கேப்பான்? தொரத்தி விட்டுட்டியாடான்னு கேப்பான். இதுக்குப் போய் எஃப்.டி.ய உடைக்கணுமா? வட்டியெல்லாம் போயிடும்மா." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்து அழுகிற ஆம்பளையிடம் அதற்குமேல் என்ன பேசுவது? அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த அறைக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணனுக்குப் பாசம் அதிகமாகிவிட்டது. கடை விட்டதும் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து ஸ்கூட்டரோடு நிற்க ஆரம்பித்தார். "அக்கா, உங்க எஸ்கார்ட் வந்தாச்சு" என்று கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள், படியேறப் படியேறச் சிரிப்பு குறையும். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற அந்த அரை மணிதான் நாளிலேயே அவளுக்கென்று இருந்தது, அதுவும் போயிற்று. வீட்டில் உடம்புக்கு நல்லது என்று அவள் தட்டில் இரண்டு கரண்டி கூடப் போட்டார்கள். கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் தனியாக நின்றால், "என்ன, மனசு சரியில்லையா?" என்று யாராவது ஒருவர் ஏறி வருவார்கள். சம்பளத்தை என்ன செய்கிறாய் என்று அண்ணன் நேரடியாகக் கேட்கவில்லை. "ஒரு வார்த்தை சொன்னா நானே நல்ல இடத்துல போட்டுத் தருவேனே" என்று மட்டும் அவ்வப்போது சொல்லிவைப்பார்.

விரிப்பை மடிக்கும்போது ஒருநாள் சொன்னாள். "பணம் பத்திரமாத்தான் இருக்கு. வட்டியும் ஏறுது. ஆனா வாடகை அதைவிட வேகமா ஓடுதுடி. நான் மாடிப்படி ஏறிட்டிருக்கேன், ரூம் லிஃப்ட்ல போகுது."

நடுவில் கடைவாய்ப்பல் வீங்கி, கன்னம் உப்பிக்கொண்டது. அவசரக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பிடுங்கிவிட்டு வந்தாள். அதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாய் நிறையப் பஞ்சு வைத்துக்கொண்டு ஒரு மனுஷி அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாப்பாவுக்கு எக்ஸ்ரே எடுக்கிற படிப்பில் இடம் கிடைத்தது. வாரக் கடைசிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். அண்ணன் கடை முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார், அவர் கை விரித்துவிட்டார். இரண்டு நாள் அலைந்து திரிந்தவர், மூன்றாம் நாள் தங்கச்சியின் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அந்த எஃப்.டி.யை உடைச்சா எப்படியிருக்கும்னு யோசிச்சேன்" என்றார். "நீயும் கையெழுத்துப் போடணும். படிச்சு முடிச்சதும் அவளே உனக்குத் திருப்பித் தந்துடுவா."

மறுநாள் வேலைக்கு வந்ததும் அக்கா என்னிடம் சொன்னாள். "அந்தப் பூட்டு என்னை மட்டும்தான் கட்டிப் போட்டிருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்டி. அவர் வந்து கதவோரம் நிக்கும்போதுதான் தெரியுது, அவரும் அதுல மாட்டிட்டிருக்கார்னு."

"போடாதீங்க அக்கா" என்றேன் நான். "ரூமுக்குக் கேட்டப்போ அவர் போட்டாரா?"

"போடலன்னா அந்தப் பொண்ணு வீட்ல உக்காந்திருக்கும். நான் அதே கட்டில்ல படுத்துக்கிட்டு அவ மூஞ்சிய தெனமும் பாக்கணும். போட்டா, எனக்குன்னு இருந்ததும் போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுருதான்."

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது பாப்பாவே பேச்செடுத்தாளாம். "அத்தை, எனக்காகப் போடாத. உன் பணத்துல படிச்சா, நான் சம்பாதிச்சுத் தர்ற வரைக்கும் நீ இந்த வீட்ட விட்டு நகர முடியாது. நான்தான் உன்ன கட்டிப் போட்டேன்னு ஆயிடும். அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"அடுத்த வருஷம் சீட் கெடைக்குமா?"

பாப்பா தலையணை உறையை மடித்தாள். கோணல்மாணலாக. அதை வாங்கி உதறிச் சரியாக மடித்துக்கொண்டே அக்கா முடிவு பண்ணிவிட்டாள். கீழே இறங்கி வந்து அண்ணனிடம் சொன்னாள். "கையெழுத்துப் போடறேண்ணா. ஆனா பேங்க்ல நான் பேசறேன். நீ பேசக் கூடாது."

என்னையும் வரச் சொல்லியிருந்தாள். சால்வை மேடத்தின் மேஜைக்கு எதிரே அண்ணனும் தங்கச்சியும், பின்னால் நான்.

"கொஞ்சம் மட்டும் எடுக்க முடியுமா மேடம்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரே சீட்டா இருக்கே. எடுத்தா மொத்தமா உடைக்கணும். மொத்தத்துக்கும் வட்டி குறையும்."

மேடம் பழையதைச் சொல்லிக்காட்டவில்லை. அண்ணன்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கே மூணா போடச் சொன்னீங்க" என்றார்.

"உடைச்சுடுங்க" என்றாள் அக்கா. "பாப்பா ஃபீஸுக்கு வேண்டியதை அண்ணன் கணக்குல போட்டுடுங்க. அதைத் திருப்பித் தர வேண்டாம், அது நான் அவளுக்குக் குடுக்கறது. மீதி என் பேர்ல. என் பேர்ல மட்டும்."

அண்ணன் சட்டென்று திரும்பினார். "என் பேர் ஏன் வேண்டாம்ங்கறே? நான் தின்னுடுவேன்னு பயமா?"

"இல்லண்ணா. நீ திங்க மாட்டே." அவள் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "எனக்கும் குடுக்க மாட்டே."

சால்வை மேடம் சால்வையைச் சரிசெய்கிற வேலையில் மூழ்கிப்போனாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளில் அழுத்தினார். எழுதவில்லை. உதறிப் பார்த்தார், அப்போதும் எழுதவில்லை. முகம் முழுக்க வேர்த்துவிட்டது. அக்கா தன் பேனாவை நீட்டினாள். வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மீதியை அக்கா மூன்றாகப் போட்டாள். ஒரு வருஷத்துக்கு ஒன்று, மூன்று வருஷத்துக்கு ஒன்று, மிச்சம் அரசாங்கப் பத்திரம். எது எதற்கு என்று மேடம் கேட்கக் கேட்க டக் டக்கென்று சொன்னாள். எனக்கே வியப்பாக இருந்தது.

அண்ணன் ஒரு மாதத்துக்கு மேல் அவளோடு பேசவில்லை. ஸ்கூட்டரும் வாசலுக்கு வரவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதில் உட்கார்ந்துகொண்டு அவள் அழுதுகொண்டுதான் போனாள் என்று எனக்கும் பழக்கமான கண்டக்டர் சொன்னார். வீட்டில் தட்டில் வைக்கிறதை வைத்தார்கள். கூட ஒரு கரண்டி யாரும் போடவில்லை.

ஆர்.டி. முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, ஷட்டர் வெல்டிங் பட்டறைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஒரு அறை அகப்பட்டது. வீட்டுக்காரம்மா முன்பணத்தை வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தை நீட்டினாள். பிறகு, "தனியா இருக்கற பொம்பள. உங்க வீட்டு ஆம்பளை யாராவது வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டா எனக்கும் தைரியமா இருக்கும்" என்றாள்.

மறுநாள் அடித்தளத்தில் விரிப்பின் முனையைப் பிடித்தபடி அக்கா அப்படியே நின்றுவிட்டாள். "இங்கேயும் அவர் கையெழுத்துதான் வேணுமாம்டி" என்றாள். நெருங்கி வர வேண்டியவள் வரவில்லை. உருளை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் போய்க் கேட்க அவளுக்கு வாய் வராது. அந்த முன்பணம் போனால் போகட்டும் என்றுகூடச் சொன்னாள்.

கேட்டது பாப்பா. என்ன சொல்லிக் கேட்டாள் என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது. சாமான் மாற்றுகிற அன்று அண்ணன் ஒரு சின்ன வண்டியோடு வந்து இறங்கினார். அண்ணி கொடுத்தனுப்பிய ஒரு பை நிறையப் பாத்திரம். கடையிலிருந்து வாங்கிய ஒரு இரும்புக் கட்டில். யார் தடுத்தும் கேட்காமல் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். முதல் மாடி திருப்பத்தில் கட்டில் சுவரில் முட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. "உன் பக்கம் தூக்கும்மா, என்ன சாப்பிடறதில்லையா?" என்று என்னை ஒரு அதட்டல் போட்டார்.

மேலே வந்ததும் வீட்டுக்காரம்மாவைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் எத்தனை வேளை வரும், படியில் விளக்கு எரியுமா, பட்டறையில் எத்தனை மணி வரை தட்டுவார்கள். எல்லாம் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். "ஆஸ்பத்திரி வேலை பாருங்க, ஷிஃப்ட் மாறி மாறி வரும். வீடு தூரம். அதான் பக்கத்துல இருக்கட்டும்னு நானே பாத்து ஏற்பாடு பண்ணேன்" என்றார். எங்கள் கூடத்தில் ஷிஃப்ட் மாறுவதே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். தன் தெருவிலும் கடையிலும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளும் திருத்தியதில்லை.

இறங்கிப் போகும்போது படிக் கைப்பிடி ஒன்று ஆடுவதைக் கண்டுபிடித்து, வீட்டுக்காரம்மாவிடம் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் போனார். கீழே பட்டறையில் யாரோ இரும்பைத் தட்ட ஆரம்பித்தார்கள். அறை முழுக்க அதிர்ந்தது.

"போயிட்டாரா?" என்று அக்கா கேட்டாள்.

"போயிட்டார்."

கட்டில்மேல் உட்கார்ந்தாள். "பாவம், மூட்டு வலியோட மூணு மாடி ஏறியிருக்கார்" என்றாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.